அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்ற வால்

ஒரு காட்டில் ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. சிங்கராஜா இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார். ஆனால் அவர் தலைநகரில் இருந்தார். காட்டுக்கு அவருடைய படம் மட்டும்தான் வரும். அவருக்கு இந்தக் கதையில் வேலையும் இல்லை. இது ஒரு தலைப்பிரட்டையின் கதை. தலைப்பிரட்டை என்றால் தவளைக் குஞ்சு. வளர்ந்தால் வால் போய்த் தவளையாகிவிடும். பாருங்கள், இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. அரசாங்கம் சொன்னபோது எவ்வளவு நாள் ஆயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

பள்ளி கண்மாய்க் கரையில் இருந்தது. மொத்தம் பத்துப் பிள்ளைகள். முயல் மூன்று, அணில் இரண்டு, காட்டுப்பன்றிக் குட்டி இரண்டு, முள்ளெலி ஒன்று, மைனா ஒன்று. பத்தாவது பிள்ளை தவமணி. அவன்தான் நம் தலைப்பிரட்டை. எங்கள் காட்டில் தலைப்பிரட்டைக்கு மூன்று வாரம் ஆனால் மூன்றாம் வகுப்பு. தரையில் உட்கார முடியாது என்பதால், சுற்றுலா வந்த மனிதர்கள் விட்டுப்போன ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் தண்ணீர் ஊற்றி அவனுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு கழுவியும் எலுமிச்சங்காய் வாசனை போகவில்லை. அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பத்து என்கிற கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஒரு தலை குறைந்தாலும் பள்ளியை மூடிவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரிப் பள்ளியோடு பிள்ளைகளைச் சேர்த்துவிடுவார்கள். மாதிரிப் பள்ளியில் எல்லா வசதியும் உண்டு. நடுவழியில் இரண்டு நரியும் ஒரு மலைப்பாம்பும் உண்டு. அதனால் அந்த வசதியெல்லாம் போய்ச் சேருகிற பிள்ளைக்கு மட்டும்தான்.

பள்ளிக்கு ஒரே டீச்சர், சுலோச்சனா என்கிற கீரிப்பிள்ளை. இன்னொரு பணியிடம் காலி. அது டீச்சர் பிறப்பதற்கு முன்பே காலி. கண்மாய்க் கரையில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் தண்ணீரில் இருக்கிற புழு பூச்சி எல்லாம் அவருக்கு அத்துப்படி. நல்ல டீச்சர்தான். மெமோ என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் வால் மயிர் சிலிர்த்துக்கொள்ளும்.

ஆடி மாதத்தில் ஒருநாள் வட்டார வள மையத்திலிருந்து கோதண்டம் சார் வந்தார். அவர் மரங்கொத்தி. நாளெல்லாம் தட்டிக்கொண்டே இருக்கிற வேலை என்பதால் அவரைப் பார்த்துத்தான் எடுத்திருந்தார்கள். அவர் தட்டியதில் அதற்குள் மூன்று டேப்லெட்டின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. நாலாவதை டீச்சர் கையில் கொடுத்தார்.

"டீச்சர், இனிமே அறிவியல் எல்லாம் ‘கானறிவு’ தளத்துலதான். நானூத்திப் பன்னெண்டு வீடியோ, எரநூறு விளையாட்டு, கலர் கலரா பயிற்சித்தாள். எல்லாம் இலவசம்."

"பயிற்சித்தாள் எடுக்க பிரிண்டர் இல்லையே சார்."

"அதான் இலவசம்னு சொன்னேனே. முக்கியமான விஷயத்தைக் கேளுங்க. வீடியோ நூறு சதவீதம் ஓடணும். அது ஓடி முடியிறதுக்குள்ள நீங்க வாயைத் திறந்து பாடம் நடத்திரக்கூடாது. பிள்ளைங்க தானா கண்டுபிடிக்கணும். நீங்க வெறும் வசதியாளர்."

"தெரிஞ்சதைச் சொன்னா?"

"மெமோ."

டீச்சர் வால் சிலிர்த்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் பாடமே தவளையின் வாழ்க்கைச் சுழற்சி. இதில் ஒரு சிக்கல் இருந்தது. காட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் நல்லபாம்பு குடியிருக்கும் புற்றின் உச்சி. கீரிக்கும் பாம்புக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக ஒன்றை ஒன்று கண்டால் ஆகாது. ஆனால் டீச்சர் டேப்லெட்டோடு புற்று மேல் ஏறியபோது பாம்பு தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "டவுன்லோடா?" என்று கேட்டது. ஆமாம் என்றதும், "பாவம், ஏறி உக்காருங்க" என்று உள்ளே போய்விட்டது. பரம்பரைப் பகையைத் தீர்த்துவைத்த பெருமை அந்தத் தளத்தைத்தான் சேரும். அதைக் குறை சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீடியோ வந்தது. தொப்பி போட்ட ஒரு தவளை திரையில் குதித்துக் குதித்து, "வணக்கம் குழந்தைகளே! இன்று நாம் தலைப்பிரட்டையைப் பார்க்கப் போகிறோம்!" என்றது. பின்னணியில் கல்யாண வீட்டு இசை. குரல் கொடுத்தது தலைநகரத்து மயில் ஒன்று. தலைப்பிரட்டையை அது வாழ்நாளில் பார்த்ததில்லை என்பது அது உச்சரித்த விதத்திலேயே தெரிந்தது. ஒன்பது பிள்ளைகளும் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார்கள். முள்ளெலிக்கு மட்டும் எதுவோ உறுத்தியது.

"டீச்சர், தலைப்பிரட்டை நம்ம தவமணிதானே? அவனைப் பாத்தாப் போதாதா?"

"உஷ். திரையைப் பாரு."

தவமணியும் பாட்டிலுக்குள்ளிருந்து திரையைத்தான் பார்த்தான். தன்னைப் பற்றி இவ்வளவு செலவு செய்து படம் எடுத்திருக்கிறார்களே என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது. முட்டை வந்தது. முட்டையிலிருந்து வாலோடு குஞ்சு வந்தது. பின்னங்கால் வந்தது, முன்னங்கால் வந்தது. தொப்பித் தவளை கன்னத்தில் கை வைத்து, "இப்போது வாலுக்கு என்ன ஆகும், தெரியுமா குழந்தைகளே?" என்று கேட்டது.

கேட்டபடியே நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அறுபத்திரண்டு சதவீதம்.

மறுநாளும் அறுபத்திரண்டு. அதற்கு மறுநாளும் அறுபத்திரண்டு. டீச்சர் புற்றின் மேல் நின்று டேப்லெட்டைக் கிழக்கே காட்டினார், மேற்கே காட்டினார், சூரிய நமஸ்காரம் செய்வதாக நினைத்து இரண்டு கொக்குகள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போயின. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

தவமணியின் உடம்புக்குப் பொறுமை இல்லை. பாடம் தொடங்கிய இரண்டாம் வாரமே அவனுக்குப் பின்னங்கால் முளைத்துவிட்டது. பள்ளியைப் பார்வையிட வந்த கோதண்டம் சார் இதைக் கவனித்துவிட்டார்.

"என்ன டீச்சர் இது? பாடத்திட்டப்படி கால் நாலாம் வாரம்தானே வரணும்?"

"முளைச்சிருச்சு சார்."

"அதெப்படி முளைக்கும்? தளத்துல நாலாம் வாரம் இன்னும் திறக்கவே இல்லையே." பாட்டில் அருகே குனிந்து, "தம்பி, நாலாம் வாரம் வரைக்கும் காலை மடக்கி வச்சுக்கோ. யாராவது கேட்டா துடுப்புன்னு சொல்லு" என்றார்.

தவமணி நல்ல பிள்ளை. நாலாம் வாரம் வரை காலை மடக்கி வைத்திருந்தான். நாலாம் வாரம் நீட்டியபோது முன்னங்காலும் கூடவே வந்துவிட்டது. பிறகுதான் அவனுக்குப் பயம் பிடித்தது. ஏனென்றால் வால் குறைய ஆரம்பித்தது. திங்கட்கிழமை இருந்த வால் புதன்கிழமை இல்லை, பாதிதான் இருந்தது. சத்துணவும் இறங்கவில்லை. அவனுடைய அம்மா பேச்சியம்மாள் கண்மாயில் அள்ளிய பாசியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினாள். அதையும் தொடவில்லை.

ஒருநாள் எல்லாரும் விளையாடப் போன பிறகு பாட்டில் விளிம்புக்கு வந்து கேட்டான்.

"டீச்சர், வால் முழுசாப் போச்சுன்னா நான் இருப்பேனா?"

டீச்சருக்குப் பதில் தெரியும். வால் எங்கேயும் போய்விடாது, உடம்பே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், அந்த நாட்களில் வாலே சாப்பாடு, அதனால்தான் பசிக்கவில்லை, எல்லாம் முடிந்ததும் நீ ஜம்மென்று கரையில் குதித்துப் போவாய். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. கண்மாய்க் கரையில் வருஷா வருஷம் பார்த்த சங்கதி. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது டேப்லெட்டில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது, வீடியோ முடியவில்லை.

"வீடியோவுல வரும்ப்பா," என்றார்.

தவமணி அன்று முழுக்க வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. சொல்லி என்ன செய்ய, கதையைத் தொடர்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் வால் சுத்தமாக இல்லை. தவமணி பாட்டிலை விட்டு வெளியே வந்து விளிம்பில் உட்கார்ந்திருந்தான். உயிரோடுதான் இருந்தான். டீச்சர் நிம்மதியாக மூச்சு விட்டு, வருகைப் பதிவுக்காக டேப்லெட்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். அங்கே முகத்தைக் காட்டினால்தான் வருகை.

‘இந்த மாணவர் பதிவில் இல்லை’ என்று வந்தது.

திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். இல்லை. வெளிச்சத்துக்குத் திருப்பி உட்காரவைத்துப் பிடித்தார். இல்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டார். புதிய மாணவராகச் சேர்க்கச் சொன்னார்கள். புதிய மாணவராகச் சேர்த்தால், ‘இவர் முழு வளர்ச்சி அடைந்தவர். முதியோர் கல்வித் திட்டத்தை அணுகவும்’ என்றது. திரையின் மூலையில் பத்து ஒன்பதாகிச் சிவந்தது. ஏழு நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் பள்ளி இணைக்கப்படும் என்று அடியில் ஒரு வரி ஓடியது.

"அப்போ நான் இல்லையா டீச்சர்?" என்று கேட்டான் தவமணி. போன வாரம் கேட்டதும் இதைத்தான். அப்போது வாலுக்குப் பயந்து கேட்டான். இப்போது அரசாங்கமே பதில் சொல்லிவிட்டது.

ஆறு நாள் டீச்சர் தூங்கவில்லை. மலைப்பாதையில் முயல் குட்டிகள் வரிசையாகப் போவது கண்ணிலேயே நின்றது. ஏழாம் நாள் காலையில் தவமணியின் அடையாள அட்டை ஞாபகம் வந்தது. முதல் வாரம் எடுத்த படம். உருண்டைத் தலையும் நீண்ட வாலுமாக அதில் அவன் முறைத்துக்கொண்டிருப்பான். டீச்சர் அதை ஊறுகாய் பாட்டிலில் ஒட்டி, டேப்லெட்டைக் காட்டினார்.

‘வணக்கம் தவமணி! இன்று உற்சாகமாக இருக்கிறாய்!’

ஒன்பது பத்தாகிப் பச்சையானது. டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். தவமணி தத்தித் தத்தி வந்து அவர் கால் பக்கத்தில் உட்கார்ந்தான். "இருக்கட்டும் டீச்சர். படமாச்சும் இருக்கே" என்றான்.

அன்றிலிருந்து படம் முன் வரிசையில், தவமணி கடைசி வரிசையில். பெற்றோர் யாருக்கும் சொல்லவில்லை. விஷயம் வெளியே கசிந்தால் டீச்சர் வேலை போய்விடும். தவமணியும் அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. கானறிவு தளத்தில் இன்னொரு வசதி இருந்தது. பிள்ளைகள் எவ்வளவு கவனமாக வீடியோ பார்க்கிறார்கள் என்பதை அதுவே கண்ணைப் பார்த்து அளந்துவிடும். முயல் காதைச் சொறிந்தால் இரண்டு மதிப்பெண் குறையும். அணில் திரும்பினால் ஐந்து குறையும். பன்றிக் குட்டிகள் தூங்கியே விட்டன. தவமணியின் படம் மட்டும் கண்ணை இமைக்கவில்லை, கொட்டாவி விடவில்லை, நின்றுபோன வட்டத்தை நாளெல்லாம் ஒரே பார்வையாகப் பார்த்தது. ஒன்றியத்திலேயே முதல் இடம். நூற்றுக்கு நூறு. அவனுக்கு ‘அறிவியல் சுடர்’ விருது என்று அறிவிப்பு வந்துவிட்டது.

கோதண்டம் சார் பூரித்துப் போய் வந்தார். கையில் செவ்வந்தி மாலை. "எங்க டீச்சர் நம்ம தங்கம்?"

டீச்சர் கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டினார். "அவன்... கூச்ச சுபாவம் சார். தண்ணிக்கு அடியில போயிட்டான். மேல வரமாட்டேங்கிறான்."

"வராட்டிப் போறான். எப்படியும் எங்களுக்கு வேண்டியது போட்டோதான். படத்தைப் பெருசு பண்ணிச் சட்டம் போட்டு வச்சிருக்கேன். அதுக்கே மாலையைப் போட்டுருவோம்."

நாற்காலி போட்டு, அதன் மேல் வெள்ளைத் துண்டு விரித்து, படத்தை வைத்தார். மாலை போட்டார். பொட்டு வைத்தார். விழா என்றால் விளக்கு வேண்டுமே என்று குத்துவிளக்கு ஏற்றினார். விளக்கு இருந்தால் ஊதுபத்தி வேண்டாமா? அதையும் கொளுத்தி வாழைப்பழத்தில் செருகினார். எல்லாம் முறைப்படி. ஊரெல்லாம் வந்து தரையில் உட்கார்ந்தது. வரவேற்புரை இன்னும் ஆரம்பிக்காததால் எல்லாரும் பேசாமல் இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, மகனுக்கு விருது என்று கேள்விப்பட்டு, பேச்சியம்மாள் கண்மாயிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். மகன் படம், மாலை, விளக்கு, ஊதுபத்தி. ஊர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறது. வேறு என்ன நினைப்பாள் பெற்றவள்?

"மூவாயிரம் முட்டையில முழுசா வந்த என் முத்தே,
பாட்டில் தண்ணியில படிக்கப் போன என் ராசா,
காலு முளைச்ச கதையச் சொல்லி முடிக்கலியே,
வாலு போன வழியிலயே நீயும் போனியோ..."

மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். ஒரு பெண்பிள்ளை ஒப்பாரி வைக்கும்போது மற்றவர்கள் சும்மா வேடிக்கை பார்ப்பது எங்கள் காட்டில் வழக்கமில்லை. முயலின் அம்மா வந்து கட்டிக்கொண்டு அழுதாள். பன்றியின் அம்மாவுக்குப் போன வருஷம் இறந்த அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. விருது வாங்க வந்த கூட்டம் துக்கக் கூட்டமாகிவிட்டது. ஒரு கிழட்டு ஆமை, "பறைக்கு ஆள் அனுப்பியாச்சா?" என்று விசாரித்தது.

கோதண்டம் சார் ஒரு நிமிஷம் குழம்பினார். பிறகு படத்தையும் மாலையையும் பார்த்தார், அழுகிற தாயைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. "என்ன டீச்சர், தண்ணிக்கு அடியில போயிட்டான்னு சொன்னீங்களே, இதைத்தானா?" என்று தழுதழுத்தார்.

கடைசி வரிசையிலிருந்த தவமணிக்குப் பொறுக்கவில்லை. ஒரே தாவில் வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தான். "அம்மா, அழாத. நான் இங்கதான் இருக்கேன்" என்று கத்தினான். தவளைக் குரல், கணீரென்று கேட்டது.

பேச்சியம்மாள் அவனை இழுத்து அணைத்தாள், அடுத்த நொடி முதுகில் ஒன்று வைத்தாள். "எங்கடா போன?" என்று கேட்டு மறுபடி அணைத்தாள். ஊர் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

கோதண்டம் சார் மட்டும் துடைக்கவில்லை. தவமணியை ஏற இறங்கப் பார்த்தார். டேப்லெட்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். பதிவில் இல்லை என்று வந்தது. பேச்சியம்மாள் தோளில் மெதுவாகத் தட்டி, "துக்கத்துல யாரைப் பாத்தாலும் மகன் மாதிரிதாம்மா இருக்கும்" என்றார். தவமணி பக்கம் திரும்பி, "தம்பி, துக்க வீட்டுல இப்படிச் சத்தம் போடக்கூடாது" என்றார்.

சொல்லிவிட்டு, கடமையைக் கைவிடாதவராக, தளத்தில் ‘மாணவர் மறைவு’ என்ற கட்டத்தைத் தேடி நறுக்கென்று ஒரு கொத்து கொத்தினார். நாலாவது டேப்லெட்டும் விரிசல் விட்டது.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது. பள்ளி போயிற்று, முயல்கள் போயின.

ஆனால் தளம் அப்படி அவசரப்படுகிற தளம் இல்லை. ‘இறப்புச் சான்றிதழை இணைக்கவும்’ என்று கேட்டது. கோதண்டம் சார் தவமணியையே துணைக்கு அழைத்துக்கொண்டு, சான்றிதழ் தருகிற ஆந்தை டாக்டரிடம் போனார். டாக்டர் உடல் எங்கே என்றார். "இதுதான் சார்" என்று மேசையில் ஏறி உட்கார்ந்தான் தவமணி.

டாக்டர் நாடி பார்த்தார். "இது ஓடுதே. செத்ததுக்கு எப்படித் தர்றது?"

"அப்போ உயிரோட இருக்கேன்னு எழுதித் தாங்க."

"அதுக்குப் பள்ளிக்கூடப் பதிவுல உன் முகம் இருக்கணும். இருக்கா?"

இல்லை. ஆகவே தவமணி செத்தான் என்று எழுத முடியவில்லை, இருக்கிறான் என்றும் எழுத முடியவில்லை. ‘மறைவு - நிலுவையில்’ என்று தளம் போட்டுவைத்தது. நிலுவையில் இருக்கிற பிள்ளையை நீக்கக்கூடாது என்பது விதி. எண்ணிக்கை பத்தாகவே நின்றது. பள்ளி இன்றைக்கும் கண்மாய்க் கரையில் நடக்கிறது. விருதும் திரும்பப் பெறப்படவில்லை; மறைந்த மேதை என்பதால் பக்கத்து ஒன்றியத்திலும் அந்தப் படத்தை மாட்டியிருக்கிறார்கள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் எங்கிருந்தோ சிக்னல் வந்து வட்டம் நின்றது. அறுபத்து மூன்று. தொப்பித் தவளை கன்னத்திலிருந்து கையை எடுத்து, "பயப்படாதீர்கள் குழந்தைகளே! வாலை உடம்பே உள்ளே இழுத்துக்கொள்ளும். தலைப்பிரட்டைக்கு ஒன்றும் ஆகாது!" என்றது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். தவமணி தட்டவில்லை. திரும்பி டீச்சரைப் பார்த்தான்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

சுலோச்சனா டீச்சர் ஆமாம் என்று தலையை அசைத்தார். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்துபோய், சுவரில் மாலையோடு இருந்த படத்தைக் கழற்றி, வருகைப் பதிவுக்காக டேப்லெட் முன்னால் பிடித்தார்.

‘வணக்கம் தவமணி! இன்று உற்சாகமாக இருக்கிறாய்!’

நீதி: வளருகிற பிள்ளை வருகைப் பதிவுக்கு ஆகாது. ஆகவே பெற்றோர்களே, வால் இருக்கும்போதே நல்லதாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பிள்ளை பயந்தாலும் செத்தாலும் பிழைத்தாலும் கல்வி தடைப்படாது.